மாட்டுப்பெண்ணுக்கு வேலையே இல்லை என்று நான் சொன்னது

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை, காலை டிபன் ஆன பிறகு.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஸ்ரீ பஞ்சாபகேசன் அவர்களுக்கு, வெங்கடரமணன் பணிவான நமஸ்காரங்களுடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி அபயாம்பாள், பிள்ளை மகேஷ், தங்கள் பெண் ஸ்நேஹா நால்வரும் நன்றாக இருக்கிறோம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதற்காக எழுதிய 'நன்றாக' இல்லை இது. நேற்று டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட 'நன்றாக'. திருச்சியில் தாங்களும் சம்பந்தி மாமியும் இதே தரத்தில் நன்றாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

போன சித்திரையில் தாங்கள் இங்கே வந்திருந்தபோது, சாயங்காலம் மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருக்கையில், "உங்க பொண்ணுக்கு ஆபீஸ்ல வேலையே கிடையாது, தெரியுமோ? எல்லாரையும் கேள்வி கேட்டுண்டிருக்கா. அதுக்கு ஒரு உத்தியோகம்!" என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அதன் பிறகு மூன்று வாரம் சம்பந்தி மாமி எங்கள் போனை எடுக்கவில்லை. துடைத்ததற்கு என்ன அர்த்தம் என்று அபயாம்பாள்தான் எனக்கு விளக்கினாள். அந்த வார்த்தையை இதன் மூலம் வாபஸ் வாங்குகிறேன். முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன் நான். வாயால் சொன்னதை எழுத்தில் வாபஸ் வாங்கினால்தான் செல்லும் என்று எனக்குத் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில், "நீ என்னம்மா வேலை பார்க்கறே?" என்று ஸ்நேஹாவைக் கேட்டேன். "ப்ராடக்ட் மேனேஜர்ப்பா" என்றாள். "புரோகிராம் எழுதுவியா?" "இல்லைப்பா, அது சைஃப் எழுதுவான்." "அப்ப படம் போடுவியா?" "அது மெஹக்." "எல்லாருக்கும் மேலதிகாரியா?" "எனக்குக் கீழ ஒருத்தரும் கிடையாதுப்பா." "பின்ன நீ என்னதான் பண்ணுவே?" "எதைப் பண்ணணும், யாருக்காகப் பண்ணணும்னு கண்டுபிடிப்பேன்." சம்பந்தி அவர்களே, தாங்கள் என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். பெருங்குடியில் அத்தனை பெரிய கண்ணாடிக் கட்டடம் கட்டி, ஒன்பது பேரை உட்காரவைத்துவிட்டு, எதைப் பண்ணுவது என்று இனிமேல்தான் கண்டுபிடிப்பார்களா? காலையில் என்னோடு பார்க்கில் நடக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் 'மேற்பார்வை' என்று சொல்லிவைத்தேன். அதில் ஒருவர், ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவது மேற்பார்வைதான் என்றார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னமோ, ஆனி மாதம் உண்மையாகவே கஷ்டம் வந்தது. ஸ்நேஹாவின் டீம் செய்வது 'மருந்து மணி' என்று ஒரு ஆப். வயதானவர்களுக்கு மாத்திரை வேளையை ஞாபகப்படுத்துவது. நேரத்துக்கு மணி அடிக்கும். 'போட்டுக்கொண்டேன்' என்கிற பொத்தானை அழுத்தும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் விடாமல் அடிக்கும். மகேஷ் என் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தான். நான் எல்லாரிடமும் 'பிரமாதம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஊரில் மற்றவர்கள் மூன்றே வாரத்தில் அதைப் போனிலிருந்து எடுத்துவிடுகிறார்களாம். ஆவணிக்குள் நிலைமை மாறாவிட்டால் டீமையே கலைத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர்களுடைய பெரிய அதிகாரி ஜெயபாரதி என்கிற அம்மாள், முப்பத்திரண்டு புதிய வசதிகளை ஒரு பட்டியலாகப் போட்டு, உடனே கட்டித் தரவேண்டும் என்றார். அதில் முதலாவது, மணி இன்னும் உரக்க, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அடிக்கவேண்டும் என்பது. என் பங்குக்கு நானும் ராகுகாலம், சந்திராஷ்டமம், ஏகாதசி என்று ஏழு யோசனை கொடுத்தேன். ஸ்நேஹா எல்லாவற்றுக்கும், "எழுதிக்கறேன்ப்பா" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்றையும் செய்யவில்லை. வீடு பற்றி எரிகிற நேரத்தில் இவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த ஆப் வைத்திருக்கும் கிழவர் கிழவிகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் மாத்திரை போடுவதை வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாதவர்கள் வீட்டுக்குப் பெண் தனியாகப் போகிறாளே என்று சாக்குச் சொல்லி, நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். நிஜமான காரணம், இவள் வேலைதான் பார்க்கிறாளா என்று என் கண்ணால் பார்ப்பது. முதலில் சிந்தாதிரிப்பேட்டை. அய்யாதுரை என்று ஒருவர், என் வயதுதான், சைக்கிள் சாமான் கடை வைத்திருந்து பிள்ளையிடம் கொடுத்துவிட்டவர். ஆட்டோ நுழையாத சந்தில் நடந்து போய் உட்கார்ந்தோம். ஆப் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். "சூப்பரா கீது சார்!" என்றார். வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். ஸ்நேஹா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, "இன்னிக்குக் காலைல என்ன பண்ணீங்க சார்? எழுந்ததிலேர்ந்து சொல்லுங்களேன்" என்றாள். அவர் பல் தேய்த்ததில் தொடங்கினார். நான் கொட்டாவி விட்டேன். "அப்புறம் மணி அடிச்சிதும்மா. எய்ந்து போய் மாத்திரை போட்டுக்கினேன். பட்டன அமுக்கணும்னா கண்ணாடி வோணும், கண்ணாடி இன்னாடான்னா எங்க வச்சேன்னு தெரியல. தேடிக்கினே இருந்தேன், பேரப் புள்ள வந்துட்டான், அவன்கூட வெளாடிக்கினு இருந்தேன். மறுபடியும் அடிச்சிது. அடிக்குதே, அப்ப போடலபோலன்னு இன்னொண்ணு போட்டுக்கினேன்" என்றார். ஸ்நேஹாவின் பேனா நின்றுவிட்டது. "இது மாதிரி அடிக்கடி ஆகுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். "யாருக்குத் தெரியும்? மெஷினு சொன்னா கரீக்டாதான் இருக்கும்" என்றார் அய்யாதுரை. அவளோ சந்திலேயே நின்று அவருடைய பிள்ளையைக் கூப்பிட்டு, இரட்டை மாத்திரை விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அங்கிருந்து ராயப்பேட்டை, அஃப்சருன்னிசா என்று ஓய்வுபெற்ற டீச்சர். அவர்கள் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். "நமாஸ் நேரத்துல அடிக்குது பேட்டா. இது மணி இல்ல, மாமியார்" என்றார்கள். ஆனால் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள் பாருங்கள், ஒவ்வொரு குழிக்கும் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் திங்கள், செவ்வாய் என்று எழுதியிருந்தது. "மாத்திரை போட மறக்கறது இல்ல. போட்டாச்சாங்கறதுதான் மறந்துபோகுது. அதான் எனக்கு நானே எழுதி வச்சுக்கறேன்" என்றார்கள். ஸ்நேஹா அதைப் படம் எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான், "பாவம், வயசாயிடுத்துன்னா எல்லாருக்கும் ஞாபகம் போயிடறது" என்று அய்யாதுரைக்காகவும் அந்த அம்மாளுக்காகவும் இரக்கப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தத் தலைசுற்றலைப் பற்றித் தங்களுக்கு எழுதவேயில்லை. இரண்டு மாதமாக இருந்தது. அபயாம்பாளிடமும் மறைத்தேன். முதலில் கண்ணாடியின் பவர் என்று நினைத்து மாற்றினேன். பிறகு மின்விசிறியின் வேகம் என்று குறைத்தேன். கட்டிலை வடக்கிலிருந்து கிழக்கே திருப்பிப் போட்டேன். காபிதான் காரணம் என்று நிறுத்தி, பதினெட்டு நாள் கஞ்சி குடித்து, வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து, யாரோ ஒரு பூக்காரம்மாள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அன்றைக்கு அவள் பிடித்திராவிட்டால் இந்தக் கடிதத்தை மகேஷ் வேறு விதமாக எழுதியிருப்பான்.

அந்த இரண்டு வீட்டுக்கும் போய்வந்த மறுநாள், வியாழக்கிழமை காலை ஸ்நேஹா, "அப்பா, உங்களையும் கொஞ்சம் பாக்கட்டுமா? அங்கே பார்த்தா மாதிரி" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு மணிக்கே குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட வேஷ்டியில் இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தன் போனில் வீடியோ கால் போட்டு, எல்லாம் பதிவாகும்படி அலமாரியில் சாய்த்துவைத்தாள். அதற்குள்ளிருந்து சைஃப் என்கிற அந்தப் பையன், "வணக்கம் அங்கிள்" என்றான். நல்ல தாடி, முப்பது வயதிருக்கும், மணியைச் செய்தவனே அவன்தான். "நாங்க இல்லாத மாதிரி இருங்கோப்பா" என்றாள் ஸ்நேஹா. அவர்கள் இருக்கும்போது இல்லாத மாதிரி இருப்பது எப்படி? ஆனாலும் கால் மணியில் மறந்துபோனேன். ஏழரைக்கு மணி அடித்தது. கம்பீரமாக எழுந்து பிரஷர் மாத்திரை ஒன்றை எடுத்து வெந்நீரில் விழுங்கினேன். பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடி பூஜை அறையில். எடுக்கப் போனேன். வழியில் பேப்பர் கிடந்தது. இரண்டாம் பக்கத்தில் மெட்ரோ வேலைக்காக எங்கள் தெருப் போக்குவரத்தை மறுபடி திருப்பிவிடப் போகிறார்கள் என்று போட்டிருந்தது. அதைப் படித்து, அபயாம்பாளைக் கூப்பிட்டுச் சொல்லி, அதிகாரிகளைத் திட்டி முடிப்பதற்குள் மறுபடி மணி. ஒழுங்கான மனிதன் அல்லவா, எழுந்தேன். அட்டையைக் கிழித்து மாத்திரையை எடுத்து வாய்க்குக் கொண்டு போனேன்.

"அப்பா!" என்று ஸ்நேஹா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தானே போட்டுண்டேள்!"

"நானா? இல்லவே இல்லை."

"நான் பார்த்தேன்ப்பா."

"நீ எதையோ பார்த்திருப்பே. நான் போட்டுக்கலே" என்று சண்டை போட்டேன். அபயாம்பாள் சமையலறையிலிருந்து வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது அலமாரியிலிருந்து ஒரு குரல், மிகவும் சின்னதாக வந்தது. "போட்டுட்டீங்க அங்கிள். நானும் பார்த்தேன்."

ஸ்நேஹா அட்டைகளைக் கொண்டுவந்து எண்ணினாள். மாதம் முழுவதும் வரவேண்டிய மாத்திரை, ஒன்பது நாள் முன்னாலேயே முடியும் கணக்கில் இருந்தது. அபயாம்பாள் ஒன்றும் பேசாமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே கிளம்பி லஸ்ஸில் டாக்டரிடம் போனோம். அவர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, ரெட்டை மாத்திரையால இப்படித் தாழ்ந்துபோன பிரஷரோட, தலை சுத்தாம நீங்க எப்படி நடமாடிண்டிருந்தேள்?" என்று கேட்டார். திரும்பி வருகையில் சைஃபிடமிருந்து எனக்கே போன் வந்தது. "அங்கிள், திரும்பத் திரும்ப அடிக்கிற அந்த மணிய எழுதினது நான்தான். போன வருஷம் அதுக்கு எனக்குப் பரிசெல்லாம் குடுத்தாங்க. மன்னிச்சிருங்க" என்றான். அவன் குரல் நன்றாக இல்லை. "நீ மணியை நன்னாத்தான் பண்ணியிருக்கேப்பா. இத்தனை நன்னாப் பண்ணாம இருந்திருந்தா நான் ரெண்டாந்தரம் எழுந்திருக்கவே மாட்டேன்" என்று சமாதானம் சொன்னேன். அது சமாதானம் இல்லை என்று பிறகு ஸ்நேஹா சொன்னாள்.

திங்கட்கிழமை ஜெயபாரதி அம்மாளின் மீட்டிங். உரத்த மணிக்கு அன்றைக்குத்தான் கையெழுத்து. அதற்கு முன் ஸ்நேஹா என்னிடம் வந்து, "அப்பா, வியாழக்கிழமை போன்ல பதிவானதை மீட்டிங்ல காட்டலாமா? நீங்க வேண்டாம்னா அழிச்சுடறேன்" என்றாள். பெருங்குடியில் ஊர்பேர் தெரியாதவர்கள் முன்னால் நான் ஞாபகமறதிக்காரனாக நிற்பதா என்று மனசு கேட்கவில்லை. ஆனால் அய்யாதுரையின் 'மெஷினு சொன்னா கரீக்டு' காதிலேயே நின்றது. "காட்டு. ஆனா நானும் வருவேன்" என்றேன்.

போனேன். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு, பீன்ஸ் மூட்டை மாதிரி ஒரு இருக்கையில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே போனேன். கடைசியில் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜெயபாரதி அம்மாள் கம்பீரமானவர், கோவில்பட்டிக்காரர். "சார், நீங்க நம்ம ஆப் வச்சிருக்கீங்கள்லா? எப்படி இருக்கு?" என்று நேராக என்னைக் கேட்டார். சம்பந்தி அவர்களே, அவ்வளவு தூரம் எதற்காகப் போனேனோ அதெல்லாம் மறந்து, பழக்க தோஷத்தில், "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டேன். தங்கள் பெண்ணின் முகத்தை அப்போது தாங்கள் பார்த்திருக்கவேண்டும். ஆனால் கோபப்படவில்லை. "கேட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றா மேடம். இப்ப பாருங்கோ" என்று திரையில் போட்டாள்.

சுவர் அகலத்துக்கு நான். வெந்நீர், பூஜை அறை, பேப்பர், மெட்ரோ. சிலர் சிரித்தார்கள், நானும்கூடச் சிரித்தேன். பிறகு இரண்டாவது மாத்திரையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்நேஹா, வெள்ளி, சனியில் தனியாகப் போனதையும் சேர்த்து, தான் பார்த்த பதினோரு வீட்டில் ஐந்தில் இப்படி நடந்திருக்கிறது என்றாள். "மணியை இன்னும் உரக்க அடிச்சா இன்னும் அதிகம் நடக்கும். மறக்கறது மாத்திரையை இல்லை, போட்டாச்சுங்கறதை. நாம இத்தனை நாளா வேற பிரச்சினைக்கு மணி அடிச்சிண்டிருக்கோம்." ஜெயபாரதி அம்மாள் சட்டென்று எழுந்து வெளியே போனார். தொலைந்தது உத்தியோகம் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தேன், இருக்கை விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் போனில் பேசுவது கேட்டது. "எம்மா, பிரஷர் மாத்திர அட்டைய எடு. எத்தன இருக்குன்னு எண்ணு. ஏன்னு கேக்காத, எண்ணுங்கேன்லா." அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. "எங்கம்மாவுக்கு ஆறு குறையுது. நான்தான் போட்டுக் குடுத்தேன் இந்த ஆப்ப" என்றார். முப்பத்திரண்டு வசதிப் பட்டியலை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்ப அடிக்கும் மணியை அன்று சாயங்காலமே எல்லார் போனிலும் நிறுத்தினார்கள், அட்டையை எண்ணிப் பார்த்து டாக்டரைக் கேட்கச் சொல்லித் தகவலும் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம்தான் தங்கள் பெண் வேலை செய்வதை நிஜமாகப் பார்த்தேன். உடனே கட்ட விடவில்லை. மெஹக் என்கிற பெண் காகிதத்தில் வரைந்துகொண்டு வருவாள், அதை என்னிடமும் அபயாம்பாளிடமும் கொடுத்து, போன் என்று நினைத்துக்கொண்டு அழுத்தச் சொல்வார்கள். முதல் யோசனை, மாத்திரையைப் படம் பிடிப்பது. நான் பதினோரு தடவையும் என் மூக்கைத்தான் படம் பிடித்தேன். அது இரண்டே நாளில் கைவிடப்பட்டது. சைஃப், "நல்லவேளை அங்கிள், இத எழுத எனக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கும்" என்று என் மூக்குக்கு நன்றி சொன்னான். நாலாவது தடவை, அஃப்சருன்னிசா டீச்சரின் பேனா எழுத்தை வைத்து ஒன்று செய்தார்கள். மணி ஒரே தரம்தான் அடிக்கும். மாத்திரை போட்டபின் திரையில் எங்கே தொட்டாலும் சரி, முழுத் திரையும் பச்சையாகி, 'காலை மாத்திரை போட்டாச்சு' என்று பெரிய எழுத்தில் நேரத்தோடு மத்தியானம் வரை நிற்கும். தொட மறந்தால் மறுபடி அடிக்காது; 'போடுவதற்கு முன் அட்டையைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதும். கண்ணாடியே வேண்டாம். அவ்வளவுதான். என் ஏழு யோசனையில் ஒன்றுகூட இல்லை. முதலில் வருத்தமாக இருந்தது, இப்போது இல்லை.

முப்பது வீட்டில் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போனிலிருந்து எடுத்தவர் ஒருவர்தான், அவரும் போனையே தொலைத்தவர். அரிசி டப்பாவிலிருந்து டீச்சரின் போன் வெளியே வந்துவிட்டது. "பச்சயா கீது, நம்ப வேல முட்ஞ்சிது" என்று அய்யாதுரை எனக்கே போன் பண்ணிச் சொல்கிறார். டீமைக் கலைப்பதில்லை என்று புதன்கிழமை கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. எனக்குத் தலைசுற்றல் நின்று இரண்டு மாதமாகிறது. கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, காபியும் வந்துவிட்டது. நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது அபயாம்பாள் ஸ்நேஹாவின் தட்டில் கேட்காமலே நெய் ஊற்றினாள். பார்க்கில் இப்போது யாராவது கேட்டால், "என் மாட்டுப்பெண் ப்ராடக்ட் மேனேஜர். ஒன்பது கெட்டிக்காரா சேர்ந்து ஒரு தப்பான சாமானை நன்னாப் பண்ணி முடிச்சுடாம பாத்துக்கறா" என்று சொல்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அது போதும்.

பெண்ணைப் பெற்று, கேள்வி கேட்க விட்டு வளர்த்த தங்களுக்கும் சம்பந்தி மாமிக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது. மொட்டை மாடியில் சொன்னதை மனதிலிருந்து அழித்துவிடவும். மனசு லேசாக இருக்கிறது. கபாலியும் கற்பகாம்பாளும் இரண்டு குடும்பத்தையும் இதே பிரஷரில் வைத்திருக்கட்டும். மாமிக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம், தங்கள் பேரக்குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு, தங்கள் பெண்ணின் வேலையைப் பற்றி இனி வாய் திறவாத,
வெங்கடரமணன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஸ்நேஹா ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள். புதுசாக இன்னொரு ஆப்பும் அவளையே செய்யச் சொல்லிவிட்டார்களாம். மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் மாட்டுப்பெண்களின் கஷ்டத்தைக் குறைப்பதற்காம். "அதுல என்ன கஷ்டம்மா இருக்கப்போறது, எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன். "கண்டுபிடிச்சாச்சுப்பா. ரெண்டு வருஷமா எழுதிண்டு வரேன், நாலு நோட்டு ஆயிடுத்து. திங்கக்கிழமை டீம் மொத்தமும் நம்மாத்துக்கு வந்து உட்காரப் போறா. நீங்க ஒண்ணையும் மாத்திக்க வேண்டாம், எப்பவும் போல இருங்கோ" என்றாள். எப்பவும் நான் எப்படி இருந்தேன் என்று அப்போதிலிருந்து யோசிக்கிறேன், நினைக்க நினைக்க நன்றாக இல்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் சற்று நிறுத்திவைத்துவிட்டு, கூரியரில் அனுப்பும் இதைத் தாங்கள் கண்டவுடன் புறப்பட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்ணைப் பத்து நாள் திருச்சிக்கு அழைத்துப்போகவும். அந்த நாலு நோட்டை மட்டும் இங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லவும்.